பதினாலு வீட்டு எடை அட்டை

எனக்கு நிதானம் போதாது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு அலைகிறாள் என்பாள் அம்மா. அதைப் பாராட்டு என்றே இருபத்தேழு வயதுவரை நினைத்திருந்தேன்.

1996-இல் அடையாறு காந்தி நகரில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் களப்பணியாளராக இருந்தேன். இல்லத்துக்கு வரும் பச்சைக் குழந்தைகளை வரிசையாகத் தொட்டிலில் போட்டு வளர்க்காமல் வீடுகளில் கொடுத்து வைப்போம். தத்தெடுக்க ஒரு அப்பா அம்மா கிடைக்கும்வரை அந்த வீட்டுப் பெண் வளர்ப்பாள். மூன்று மாதத்தில் கிடைத்தாலும் கிடைக்கும், கோர்ட்டில் காகிதம் மாட்டிக்கொண்டால் நான்கு வருஷமும் ஆகும். கிடைத்த அன்று பிள்ளையைக் குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்படிப்பட்ட பதினாலு வீடுகள் என் பொறுப்பில் இருந்தன. மயிலாப்பூர், மந்தைவெளி, தி.நகர், அடையாறு என்று என் டி.வி.எஸ். 50 போகாத சந்து கிடையாது.

நான் சேர்ந்தபோது எந்த வீட்டில் பிள்ளை நன்றாக இருக்கிறது, எந்த வீட்டில் இல்லை என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. "நன்னாத்தான் இருக்கு" என்று எழுதிவிட்டு வருவார்கள். எனக்கு அது பொறுக்காது. நான்தான் எடை அட்டையைக் கொண்டு வந்தேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை தொங்குதராசைத் தூக்கிக்கொண்டு போய், வாசற்படி உத்தரத்தில் மாட்டி, அதில் தொங்கும் துணி ஜட்டியில் பிள்ளையை உட்காரவைத்து நிறுத்து, அட்டையில் புள்ளி வைப்பேன். புள்ளிகளைக் கோடாக இழுப்பேன். கோடு ஏறினால் பிள்ளை நன்றாக இருக்கிறது. இறங்கினால் இல்லை. இவ்வளவு எளிய விஷயம் முன்னால் இருந்தவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தொடர்ந்து மூன்று மாதம் கோடு ஏறிய வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு. தி.நகர் பாத்திரக்கடையில் வாங்கி, அங்கேயே பிள்ளையின் பெயரைப் பொறித்து வாங்கி வருவேன். டம்ளர் ஒரு கை என்றால் மறு கையில் வேறொன்று வைத்திருந்தேன். பிள்ளையை ஒப்படைக்கும் அன்றைக்கே ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்வேன்: "எடை இறங்கினா பிள்ளைய எடுத்துட்டுப் போயிடுவோம், பார்த்துக்கோங்க." அப்படி ஒரு விதியே இல்லை. சும்மா சொன்னது. சொன்னால் வேலை நடந்தது, அதனால் பதினாலு வீட்டிலும் சொன்னேன்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மயிலாப்பூர் பஜார் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அஃப்சருன்னிசா வீட்டுக்குப் போனேன். மகளை வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்துவிட்டு, கணவர் வலியுல்லா தையல்கடைக்குப் போன பிறகு நாள் முழுவதும் தனியாக இருந்த பெண். தாரணி ஐந்து மாதக் குழந்தையாக அவளிடம் வந்தாள். இப்போது மூன்றரை வயது. அலமாரியில் தாரணி பெயர் போட்ட டம்ளர்கள் ஏழு இருந்தன. பதினாலு வீட்டில் அதுதான் சாதனை. புதிதாகச் சேரும் பெண்களை இந்த வீட்டுக்குத்தான் முதலில் கூட்டி வந்து காட்டுவேன்.

அன்றைக்குத் தராசு முள் போன மாதத்தைவிட அறுநூறு கிராம் கீழே நின்றது. தராசைத் தட்டிப் பார்த்தேன். அப்போதும் அங்கேயே நின்றது.

"என்ன அக்கா இது?" என்றேன்.

"ஒடம்பு செரியில்ல மேடம். அஞ்சு நாளா ஒண்ணும் துன்னல. பொன்னுக்கு வீங்கி வந்துகீது. அன்னிக்கு நீங்களே பாத்தீங்களே."

பார்த்தேன்தான். செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் போனபோது வண்டியை நிறுத்தாமலே எட்டிப் பார்த்தேன். தாரணியின் வலது கன்னம் வீங்கியிருந்தது. கழுத்தில் அஃப்சருன்னிசாவின் தங்கச் சங்கிலி கிடந்தது. பொன்னுக்கு வீங்கி வந்தால் சங்கிலி போட்டால் வடிந்துவிடும் என்று பக்கத்து வீட்டு அமீனா பீ சொன்னாளாம். எங்கள் வீட்டிலும் எனக்கு அதைத்தான் செய்தார்கள். "நாலு நாள்ல சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். எம்.ஏ. படித்தவள் சொன்னதால் அவளும் நிம்மதியாகச் சங்கிலியை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

இப்போது வீக்கம் வடியவில்லை. கன்னம் சிவந்து பளபளவென்று இருந்தது. உடம்பு கொதித்தது. "வாயைத் திற கண்ணா" என்றேன். தாரணி உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டு அஃப்சருன்னிசாவைப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பார்வையும் அந்தக் குனிதலும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவர்கள் இருவரையும் ஓர் ஆட்டோவில் ஏற்றி, பின்னாலேயே என் வண்டியை விரட்டிக்கொண்டு தி.நகர் போனேன். வெங்கட்நாராயணா ரோடு பக்கம் டாக்டர் ஹபீபுர் ரஹ்மான் என்ற பல் டாக்டர் இருந்தார். கொஞ்சம் குத்தலாகப் பேசுவார், ஆனால் குழந்தைகளிடம் கை மென்மை. முதலில் தன் வாயைத் திறந்து தாரணியை எண்ணச் சொன்னார். அவள் "ஏக், தோ" என்று எண்ண ஆரம்பித்ததும் அவள் வாய்க்குள் கண்ணாடியை விட்டுவிட்டார். பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

மேல் வரிசையில் முன்பல் நாலும் பல்லாகவே இல்லை. ஈறோடு ஒட்டிய நாலு கறுப்புத் துண்டுகள். வலது பக்கம் கீழே ஒரு கடைவாய்ப்பல் குழிந்து, பக்கத்தில் ஈறு சீழ் கோத்து நின்றது. மாதாமாதம் இந்தப் பிள்ளையை உயரத்தில் மாட்டி ஆட்டியவள் நான். ஒரு தடவைகூட வாய்க்குள் பார்க்கவில்லை. என் அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை.

"பொன்னுக்கு வீங்கின்னா காதுக்குக் கீழ வீங்கும். இது தாடை," என்றார் டாக்டர். "கீழ் வரிசை முன்பல்லப் பாருங்க. எவ்வளவு வெள்ளையா இருக்கு. ஏன் தெரியுமா? பாட்டில் வாயில இருக்கும்போது நாக்கு அதை மூடிக்கும். மேல் பல்லுதான் விடிய விடியச் சர்க்கரைப் பால்ல ஊறும். ராத்திரி பாட்டில் குடுக்கறீங்களாம்மா?"

அஃப்சருன்னிசா தாரணியின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"எத்தனை ஸ்பூன் சர்க்கரை?"

"மூணு. ஒரு ஸ்பூன் குளுக்கோஸ்," என்றாள் மெதுவாக. பிறகு, "பால் பல்லுதானே டாக்டர். உயுந்து புதுசு மொளைக்கும்னு சொல்லுவாங்கோ."

"ஏழு வயசுல மொளைக்கும். அதுவரைக்கும் இவ எதால கடிப்பா? கீழ இருக்கற சீழ் புதுப் பல்லையும் கெடுக்கும், உடம்பு முழுக்கப் பரவவும் செய்யும்."

அஞ்சு பல்லை எடுக்க வேண்டும். மூன்று நாள் மருந்து கொடுத்து வீக்கத்தை அடக்கி, செவ்வாய்க்கிழமை ஒரு நர்ஸிங் ஹோமில் மயக்க மருந்து கொடுத்து எடுப்பதாகச் சொன்னார். மயக்க மருந்துக்குக் காப்பாளர் கையெழுத்து வேண்டும். அஃப்சருன்னிசா கையை நீட்டினாள். "நீங்க இல்லம்மா, சட்டப்படி யாரோ அவங்க," என்றார் டாக்டர். அவள் கையைப் புடவைக்குள் வைத்துக்கொண்டாள்.

சட்டப்படி காப்பாளர் இல்லம். இல்லம் என்றால் செயலாளர் கோமளம் மாமி. டாக்டர் வீட்டு போனிலிருந்தே மாமிக்குப் பேசினேன். மாமி அலட்டிக்கொள்ளவில்லை. "திங்கக்கிழமை காலம்பற ஆத்துக்கு வா. கையெழுத்துப் போட்டுத் தரேன். அதோட, இது யாரால ஆச்சுன்னு ஒரு ரிப்போர்ட் எழுதிண்டு வா. பன்னண்டாவது விதி ஞாபகம் இருக்கோன்னோ?" என்றார். இருந்தது. ஒரு வீட்டின் கவனக்குறைவால் பிள்ளைக்குக் கேடு வந்தால் அந்தப் பிள்ளையை மறுபடி அந்த வீட்டுக்கு அனுப்பக்கூடாது. நான் இட்டுக்கட்டிய மிரட்டல் இல்லை இது, அச்சடித்த விதி.

வாசலில் வந்து அதை அஃப்சருன்னிசாவிடம் சொன்னேன். சொன்ன விதம் எனக்கே இப்போது கேட்கப் பிடிக்காது. மூணு வருஷம் என்ன பண்ணினீங்க, கண்ணு தெரியலையா, ஏழு டம்ளரை வாங்கி அடுக்கி வெச்சுக்கத் தெரிஞ்சுதே என்றெல்லாம் கேட்டேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் தாரணியின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"எடை கொறைஞ்சா புள்ளய எடுத்துகினு போயிடுவேன்னு யாரு மேடம் சொன்னது? நீங்கதானே. பகல்ல இது ரெண்டு வாய் சோறு துன்னாவே பெருசு. ராவுல பாட்டில வாயில வுட்டா தூக்கத்துலயே ரெண்டு பாட்டில் குடிச்சுரும். அந்தப் பால்லதான் உங்க முள்ளு ஏறிச்சு. மொத மொத பல்லு மஞ்சளா ஆனப்பவே எனக்குத் தெரியும். கறுப்பானதும் தெரியும். காட்டினா எடுத்துகினு போவீங்க. காட்டலன்னா எடை ஏறிக்கினே இருக்கும். நான் இன்னா பண்ணட்டும்? மேடம் வந்தா வாய மூடிக்கணும்னு புள்ளைக்குச் சொல்லி வெச்சேன்."

தாரணியின் அட்டையில் 'குணம்' என்ற இடத்தில் 'அமைதியான குழந்தை, அதிகம் சிரிப்பதில்லை' என்று என் கையால் எழுதியிருந்தேன்.

அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. மறைத்துவிட்டு என் மேல் பழி போடுகிறாளே என்று தோன்றியது. அன்று சாயங்காலமே உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதிவிட்டேன். 'வளர்ப்புத் தாயின் கவனக்குறைவு, உண்மையை மறைத்தல்' என்று ஆறே வரி. பொய் ஒரு எழுத்துகூட இல்லை. கவரில் போட்டு ஒட்டினேன். ஒட்டிய பிறகு சாப்பிட உட்கார்ந்தேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அம்மா என்ன என்று கேட்டதற்கு வள்ளென்று விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே வண்டியை எடுத்தேன். இது ஒரு வீட்டுச் சமாச்சாரம் என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மீதிப் பதிமூன்று வீட்டையும் பார்த்துவிட்டால், அங்கெல்லாம் பல் வெள்ளையாக இருந்துவிட்டால், என் ஆறு வரி சரி. தராசு எடுத்துப் போகவில்லை. ஒரு டார்ச் லைட் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முதல் வீடு அடையாறில். அங்கே பிள்ளைக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை. இரண்டாவது வீட்டில் ஒன்றரை வயதுப் பையன், மேல் பல் இரண்டில் சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளைத் திட்டு. மூன்றாவது வீட்டில் கறுப்பு. வெயில் ஏறிக்கொண்டே போனது. திரு.வி.க. பாலத்தில் பஸ் நின்று வழி அடைத்தபோது ஹாரனிலிருந்து கையை எடுக்கவே முடியவில்லை என்னால். எவனோ ஒருவன் "இன்னாமே, பிரசவத்துக்கா போற?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

தி.நகரில் ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் மீனாட்சி வீடு. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ராம்குமாரின் மனைவி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. நாலு டம்ளர் வாங்கியவள். டார்ச்சைக் கண்டதும் சிரித்துக்கொண்டே பிள்ளையின் வாயைத் திறந்து காட்டினாள். முன்னால் கறுத்து, ஓரம் உதிர்ந்திருந்தது.

"பூச்சிப்பல்லு மேடம். எல்லாப் பிள்ளைக்கும் வாரதுதானே. சப்புத ரப்பரைத் தேன்ல முக்கிக் குடுத்தா ராத்திரி நல்லாத் தூங்குது, எந்திரிச்சதும் பாலும் நல்லாக் குடிக்கி. எடை நிக்கணும்லா?"

"எடை நிக்கலைன்னா என்ன ஆகும்னு நினைச்சீங்க?"

அவள் சிரிப்பு நின்றது. "எடுத்துட்டுப் போயிருவீயன்னு சொன்னீயளே மேடம்" என்றாள். கூடவே, "இப்ப எடுக்கவா வந்திருக்கீய?" என்று கேட்டுக்கொண்டே பிள்ளையை இடுப்புக்கு மாற்றினாள். நான் இல்லை என்று சொல்லியும் அவள் வாசல்வரை வரவில்லை.

மதியத்துக்குள் பன்னிரண்டு வீடு முடிந்தது. தாரணியையும் சேர்த்துப் பல் முளைத்த பிள்ளைகள் பத்து. அதில் எட்டுப் பேருக்குக் கெட்டிருந்தது. எட்டு வீட்டிலும் அலமாரியில் டம்ளர் இருந்தது. டம்ளர் அதிகமாக ஆக, பல் மோசமாக இருந்தது. பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி ஒத்துப்போனது.

கடைசி வீடு மந்தைவெளியில். ஸ்ரீலக்ஷ்மி என்ற பெண். ஒரு டம்ளர்கூட வாங்காத ஒரே வீடு. அவளிடம் இருந்த சாய்சரண் நோஞ்சான். இரண்டரை வருஷமாகக் கோடு ஏறுவதும் நிற்பதுமாக இருந்தது. மாதாமாதம் அவளை வாசலில் நிற்கவைத்துக் கேள்வி கேட்பேன். அவனை வேறு வீட்டுக்கு மாற்றலாம் என்று போன மாதம்தான் சிபாரிசு எழுதியிருந்தேன்.

அவன் வாயைத் திறந்தபோது இருபது பல்லும் அரிசி மாதிரி இருந்தன.

"பாட்டில் ஒரு வயசுலயே நிறுத்திட்டேன் மேடம்," என்றாள் அவள், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில். "பால் டம்ளர்லதான். சர்க்கரை போடறதில்ல. படுக்கறதுக்கு முன்னாடி ஈரத் துணியால பல்லைத் துடைச்சுடுவேன், இப்ப பிரஷ். அதான் எடை ஏறலையோ என்னவோ. இந்த மாசத்துலேர்ந்து வேணா சர்க்கரை போடட்டுமா?"

வேண்டாம் என்றேன். தண்ணீர் கேட்டேன். அவள் கொண்டு வந்த தண்ணீரைக் குடித்துவிட்டு அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் எங்கேயும் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. சாய்சரண் டார்ச் லைட்டை எடுத்து என் வாய்க்குள் அடித்துப் பார்த்தான்.

திங்கட்கிழமை காலை சித்திரக்குளம் பக்கத்தில் கோமளம் மாமி வீட்டுக்கு வேறொரு ரிப்போர்ட்டோடு போனேன். மூன்று பக்கம். எடை அட்டை, டம்ளர், நான் சொன்ன மிரட்டல், எட்டு வீடு, ஸ்ரீலக்ஷ்மி வீடு எல்லாம் இருந்தது. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான் உட்காராமல் ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

"உக்காருடி. தலை சுத்தறது எனக்கு," என்றார். பிறகு, "நீதான் காரணம்னு எழுதியிருக்கே."

"ஆமாம் மாமி."

"நல்லவ பேர் வாங்கறதுக்கு எழுதலியே?"

"இல்ல. சனிக்கிழமை அவதான் காரணம்னு எழுதிட்டேன். ஒட்டியும் வெச்சுட்டேன். நேத்திக்குப் பதிமூணு வீட்டையும் பார்த்தப்பறம் கிழிச்சேன்."

மாமி காகிதத்தை மடித்தார். "அந்தப் பன்னண்டாவது விதிய எழுதினது யாருன்னு நினைக்கறே? நான்தான். ஒரு குழந்தை உடம்பெல்லாம் சூடு வாங்கிண்டு திரும்பி வந்தப்போ எழுதினேன். அதனால ஈஸியா விட்டுட மாட்டேன். அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருந்துதா, இல்லியா?"

"தெரிஞ்சிருந்தது. பயந்து மறைச்சா."

"பயத்துல மறைச்சாலும் வலிச்சது குழந்தைக்குத்தான்." கையெழுத்துத் தாளை இழுத்துப் போட்டு மாமி பெரிய எழுத்தில் தன் பெயரை எழுதினார். "குழந்தை அவாத்துக்கே போகட்டும். ஒரு மாசம் பாக்கறேன். அப்பவும் வாய் சரியா இல்லேன்னா மாத்திடுவேன். உனக்கு என்ன தண்டனைன்னு கேக்கலியே? பதினாலு ஆத்துக்கும் போய், நான் சொன்னது தப்பு, எடைக்காகக் குழந்தைய எடுக்கற விதியே கிடையாதுன்னு உன் வாயால சொல்லிட்டு வா. போஸ்ட்ல போடாதே. நேர்ல."

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு அஞ்சு பல்லையும் எடுத்தார்கள். அரை மணி நேரம் அஃப்சருன்னிசா நர்ஸிங் ஹோம் வராந்தாவில் ஒரே இடத்தில் நின்றாள். நான் வராந்தாவை அளந்தேன். தாரணி கண் விழித்ததும் வாயில் பஞ்சோடு "அம்மீ" என்றாள். அது வேறு ஏதோ சத்தமாக வெளியே வந்தது, அதைக் கேட்டு அவளே பயந்து அழுதாள். அஃப்சருன்னிசா அவளை வாங்கிக்கொண்டபோது அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எடைக்காக யாரும் பிள்ளையை எடுக்க முடியாது, அது நான் சொன்ன பொய் என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "அப்ப புள்ள எங்கூட வர்லாமா?"

"வரலாம். ஆனா ஒரு மாசம் பார்ப்பாங்க. வாய் சரியா இல்லேன்னா மாத்திடுவாங்க."

ஆட்டோவைக் கூப்பிடும் அவசரத்தில், நடந்துகொண்டே அதைச் சொன்னேன். இரண்டு நாளில் கற்ற பாடம் அவ்வளவுதான்.

அந்த மாதம் முழுக்க ஓடினேன். பதினாலு வீட்டிலும் என் தப்பைச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள், தி.நகர் மீனாட்சி அழுதாள், ஒருத்தி "அப்ப அந்த டம்ளரைத் திருப்பித் தரணுமா?" என்று கேட்டாள். டாக்டர் ஹபீபுர் ரஹ்மான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக்கே வந்து எல்லாப் பெண்களுக்கும் காட்டினார். பாட்டிலில் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்து வெறும் தண்ணீராக்கிப் பழக்கி நிறுத்துவது, பட்டாணி அளவு பேஸ்ட், பிள்ளையை மடியில் சாய்த்து மேல் உதட்டைத் தூக்கிப் பார்ப்பது. ஸ்ரீலக்ஷ்மியை முன்னால் உட்கார வைத்தேன். சாய்சரணை மாற்றும் சிபாரிசை வாபஸ் வாங்கினேன்.

பாண்டி பஜாரில் புது அட்டையும் அடித்து வந்தேன். எடைக் கோட்டுக்குப் பக்கத்தில் இப்போது பல்லுக்கு ஒரு கட்டம். 'சுத்தம்', 'சுத்தமில்லை' என்று இரண்டில் ஒன்றை டிக் செய்ய வேண்டும். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. முதல் அட்டையை அஃப்சருன்னிசாவுக்கே கொடுத்தேன்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். வீக்கம் வடிந்து, தாரணியின் முகம் பழைய முகமாக இருந்தது. தராசை மாட்டவில்லை. "தாரணி, காட்டு" என்று அஃப்சருன்னிசா சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை அண்ணாந்து வாயை அகலத் திறந்தது. கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டது.

பற்கள் பளிச்சென்று இருந்தன. ஈறு முழுக்கப் புண். கீழ்வரிசையில் ஓரமெல்லாம் உரிந்து, இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்தது. பல் எடுத்த இடம் ஆறியும் ஆறாமலும் கிடந்தது.

"என்ன அக்கா பண்ணினீங்க?"

"தேச்சேன் மேடம். காலைல ரெண்டு வாட்டி, ஒவ்வொரு வாட்டி துன்னதும் ஒரு வாட்டி, படுக்கச்சொல்ல ரெண்டு வாட்டி. இன்னிக்கு நீங்க வர்றீங்கன்னு இப்ப ஒரு வாட்டி." அட்டையை எடுத்து நீட்டினாள். "சுத்தம்னு போடுங்க மேடம். ஒரு பொட்டு அயுக்கு இருந்தா சொல்லுங்க, இப்பவே தேச்சுட்றேன்."

பிரஷ் இன்னும் அவள் கையிலேயே இருந்தது. அதன் நார்கள் ஒரு மாதத்தில் பூவாக விரிந்துபோயிருந்தன. தாரணி வாயை மூடவில்லை. மூடலாம் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை.

மூடிக்கோ கண்ணா என்றேன். அவள் அஃப்சருன்னிசாவைப் பார்த்துவிட்டுத்தான் மூடினாள். தரையில் உட்கார்ந்தேன். வண்டிச் சாவியை ஓரமாக வைத்தேன். அட்டையை வாங்கி எதிலும் டிக் செய்யாமல் என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"ரெண்டு வேளை போதும் அக்கா. மெதுவா. கோமளம் மாமிகிட்ட வாய் ஆறிட்டு வருதுன்னு நான் சொல்லிக்கறேன், டாக்டர்கிட்டயும் எழுதி வாங்கித் தரேன். பல்லைப் பார்த்து யாரும் இவளை எடுக்க மாட்டாங்க."

"எடையப் பாத்தும் எடுக்க மாட்டீங்கோ."

"மாட்டோம்."

"அப்ப எதப் பாத்து எடுப்பீங்க மேடம்?"

கேட்டதில் குத்தல் இல்லை. தெரிந்தால் அதையும் சரியாக வைத்துக்கொள்ளலாம் என்றுதான் கேட்டாள். மூன்று வருஷமாக அவளுக்கு நான் கொடுத்ததெல்லாம், ஏதோ ஒன்றைச் சரியாகச் செய்தால் பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கைதான். அதற்காக அவள் பாலைக் கொடுத்தாள், தன் சங்கிலியைக் கழற்றிப் பிள்ளைக்குப் போட்டாள், ஈறு கிழியத் தேய்த்தாள்.

"எதையும் பார்த்து இல்ல அக்கா," என்றேன். "நீங்க எவ்வளவு நல்லா வளர்த்தாலும், ஒரு அப்பா அம்மா கிடைச்சா எடுத்துட்டுப் போவோம். நீங்க செய்யறதுனால அது தள்ளியும் போகாது, கிட்டயும் வராது."

அவள் தாரணியின் வாயோரம் இருந்த நுரையை முந்தானையால் துடைத்தாள்.

"அதுவரிக்கும்?"

"அதுவரைக்கும் இங்கதான்."

அஃப்சருன்னிசா எழுந்து போய் பிரஷைக் கழுவி, அதைக் குப்பையில் போட்டாள். "ரொம்ப கெட்டி பிரஷு மேடம் இது," என்றாள். "மெத்துனு கீற மாரி ஒண்ணு எங்க கெடைக்கும்?"

லஸ் கடைத்தெருவில் கிடைக்கும் என்றேன். தாரணிக்குச் செருப்பு மாட்டிவிட்டு, மூன்று பேரும் நடந்தே போனோம்.